சார்லட்டவுனா, டொராண்டோவா? சமையல் படிக்கக் கனடா போகிறவர்களுக்கு

2021இல் என் கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று டொராண்டோவில் ஒரு கல்லூரியில் இருந்து. இன்னொன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவின் தலைநகரான சார்லட்டவுனில், ஹாலந்து கல்லூரி நடத்தும் கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் கனடாவில் இருந்து. வீட்டில் எல்லோரும் டொராண்டோ என்றார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது, சித்தப்பா மகனும் அங்கே இதே படிப்பில்தான் சேர்ந்திருந்தான். நான் தீவுக்குப் போனேன். அதனால் இது நடுவர் தீர்ப்பு இல்லை. டொராண்டோ பற்றிச் சொல்வதில் முக்கால்வாசி தம்பி சொல்லிக் கேட்டது.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். டொராண்டோவில் தமிழ்க் கடை, கோயில், மெட்ரோ எல்லாம் உண்டு. 2021 கணக்கெடுப்பில் சார்லட்டவுனில் மொத்த ஜனமே நாற்பதாயிரத்துக்குள். தீவு முழுவதையும் சேர்த்தால் 1,54,331 பேர். கறிவேப்பிலைக்கு அலைய வேண்டும். 2022 கடைசியில் குறைந்தபட்சக் கூலி டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மணிக்கு 15.50 டாலர், தீவில் 13.70. குளிர் இரண்டு இடத்திலும் குளிர்தான், தீவில் காற்று கூடுதல்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. நடுவில் வரும் கோடைக்கால வேலைப் பயிற்சியில் யார் அடுப்படியில், என்ன வேலையில் நிற்கப் போகிறீர்கள்? சமையல் படிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலாண்டு முடியும் நேரம். வகுப்பு முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் செஃப் வந்து, "மீன் சமையலா, பேக்கரியா?" என்று கேட்டார். மீன் என்றேன். அங்கேயே நின்று ஃபோனை எடுத்து, தீவின் வடகரையில் இருக்கும் ஒரு உணவகக்காரரிடம், "ஒரு பையன் இருக்கிறான், கத்தி ஒழுங்காகப் பிடிப்பான்" என்றார். அவ்வளவுதான் என் இன்டர்வியூ. அந்த உணவகக்காரரும் இதே கல்லூரியில் படித்தவர்தான். அதே கோடைக்குத் தம்பி அறுபது இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினான். இரண்டு இடத்தில் இருந்து பதில் வந்தது.

மே மாதம் லாப்ஸ்டர் பருவம். முதல் நாள் காலையில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. தூத்துக்குடிக்காரனுக்குச் சிங்கி இறால் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு கையை விட்டேன். நம் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது; இதற்கு உண்டு, அதனால்தான் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கொடுக்கும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று தடித்தது, ஓடு நொறுக்க. மற்றது ஒல்லி, கிழிக்க. வெந்த பிறகு தடித்த கொடுக்கை உடைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய தகட்டை உருவி, சதையைச் சிதையாமல் முழுசாக எடுக்க வேண்டும். முதல் வாரம் நான் எடுத்ததெல்லாம் சூப்புக்குத்தான் போனது. அடுப்படியில் மொத்தம் ஐந்து பேர், ஆகவே யாரும் யாரையும் ஓரமாக நிறுத்திவைக்க முடியாது. ஜூலையில் கிரில் என் பொறுப்பு.

தம்பிக்குக் கிடைத்தது பெரிய ஹோட்டலின் விருந்துக் கூடம். ஆகஸ்ட் வரை காய் நறுக்கினான், தட்டு அடுக்கினான். ஆனால் எண்ணூறு தட்டுச் சாப்பாடு ஒரே நேரத்தில் சூடு ஆறாமல் எப்படி வெளியே போகிறது என்பது அவனுக்குத் தெரியும், எனக்கு இன்றுவரை தெரியாது. பெரிய ஹோட்டல்தான் உங்கள் கனவென்றால் டொராண்டோவே சரி.

தீவின் குறையும் இதே வேலையில்தான் இருக்கிறது. கோடை முழுக்க ஆள் போதாது. அக்டோபரில் நன்றியறிதல் நாள் முடிந்ததும் கடற்கரை உணவகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தும். 2022இல் அதுவரைகூடப் போகவில்லை. செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல் அடித்தது, எங்கள் தெருவில் எட்டு நாள் மின்சாரம் இல்லை, எங்கள் உணவகம் அந்த ஆண்டு திரும்பத் திறக்கவே இல்லை. அந்தக் குளிர்காலம் உருளைக்கிழங்கு பேக்கிங் ஷெட்டில் நின்றேன். தீவு மண் சிவப்பு, நம் தேரிக்காட்டு மணலை நினைவூட்டும். ஷெட்டில் இருந்து வந்து குளித்தால் தண்ணீர் செம்மண்ணாக ஓடும். தம்பிக்கு மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போனதே இல்லை.

இன்னொன்று வீடு. சார்லட்டவுனில் சிலர் மாணவர்களுக்கு செப்டம்பரில் இருந்து ஏப்ரல் வரைதான் வாடகைக்குக் கொடுப்பார்கள். கோடையில் அதே அறை சுற்றுலாப் பயணிக்கு. என் முதல் வீட்டுக்காரர் இதை ஏப்ரல் மாதம்தான் வாய் திறந்து சொன்னார். உணவகக்காரர் தன் வீட்டு மாடியைக் கொடுத்ததால் தப்பித்தேன். ஸ்கார்பரோவில் அறை கிடைக்கும், ஆனால் தம்பி வேலைக்குப் போய்வரவே தினமும் மூன்று மணி நேரம் செலவழித்தான்.

விசா, நிரந்தரக் குடியுரிமை பற்றி என் அனுபவத்தை நம்பி இறங்காதீர்கள். நான் 2023 மே மாதம் முடித்தேன், மூன்றாண்டு வேலை அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. 2024 தொடக்கத்தில் தீவு அரசு, நிரந்தரக் குடியுரிமைக்கு மாகாணம் பரிந்துரைக்கும் நியமனங்களில் விற்பனை, சேவைத் துறையினருக்கானதைக் குறைத்தது. அதை எதிர்த்து மே மாதம் வேலை அனுமதியில் இருந்த இந்தியர்கள் சார்லட்டவுனில் உண்ணாவிரதமே இருந்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் கல்லூரி டிப்ளமோவுக்குப் படிப்பு அனுமதி கேட்பவர்கள், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி வேண்டுமென்றால், அரசுப் பட்டியலில் உள்ள துறையில் படித்திருக்க வேண்டும். இது டொராண்டோவுக்கும் பொருந்தும். பணம் கட்டும் முன் உங்கள் படிப்பின் குறியீட்டு எண்ணைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

தீவில் படித்தால் தீவிலேயே கிடக்க வேண்டும் என்று ஒரு பயம் உண்டு. அது தேவையில்லை. சமையல்காரருக்கான ரெட் சீல் சான்று மாகாணம் தாண்டியும் செல்லும்.

தம்பி 2023 கோடையில் காரை எடுத்துக்கொண்டு வந்தான். கான்ஃபெடரேஷன் பாலம் 12.9 கிலோமீட்டர், தீவுக்குள் வரும்போது சுங்கம் கிடையாது, வெளியே போகும்போதுதான். அப்போது 50 டாலருக்குச் சற்று மேல், 2025இல் 20 ஆகக் குறைத்தார்கள். இரண்டு நாள் என்று வந்தவன் எங்கள் அடுப்படியில் ஆள் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றான். காய் நறுக்குவதில் எங்களில் ஒருவரும் அவன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கொடுக்குச் சதைதான் சூப்புக்குப் போனது.