மால்டி-டாஃப்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை
மால்டி-டாஃப் என்பது மூலக்கூறுகளை லேசரால் அயனியாக்கி, அவை பறக்கும் நேரத்தைக் கொண்டு நிறையை அளக்கும் கருவி. மால்டி வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது லேசரைப் பற்றி: 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசரா, 355 நானோமீட்டர் திடநிலை லேசரா என்று. அன்றாட வேலையில் அது பெரிய வித்தியாசம் இல்லை. சாம்பிள் வைக்கும் பிளேட்டில் காயும் ஒரு மைக்ரோலிட்டர் சொட்டுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

சாம்பிளோடு கலந்து, லேசர் ஆற்றலை உறிஞ்சி அயனியாக்க உதவும் பொருள்தான் மேட்ரிக்ஸ். பெப்டைடுகளுக்கு (சிறு புரதத் துண்டுகளுக்கு) சிஎச்சிஏ (ஆல்ஃபா-சயனோ-4-ஹைட்ராக்ஸிசின்னமிக் அமிலம்) மேட்ரிக்ஸ் போதும். 50% அசிட்டோநைட்ரைல், 0.1% டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) கலந்த நீரில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் போட்டு, நன்றாகக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கவும். சாம்பிளோடு சம அளவு கலந்து சொட்டு வைத்துத் தானாகக் காயவிட்டால் பொடிப்பொடியாக, சீராகப் படியும். தானியங்கி ஓட்டத்துக்கு இதுவே வசதி. பத்தாயிரம் டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) தாண்டும் புரதங்களுக்கு சினாபினிக் அமில மேட்ரிக்ஸ்.

கிளைக்கன்களுக்கான (சர்க்கரைச் சங்கிலிகளுக்கான) டிஎச்பி மேட்ரிக்ஸ், அதாவது டைஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலம், பொறுமையைச் சோதிக்கும். சொட்டின் விளிம்பில் நீள ஊசிகளாகப் படிகிறது. ஒரு ஊசியில் அருமையான சிக்னல், பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. ஊசிகளின் உயர வேறுபாட்டால் அயனிகள் கிளம்பும் இடமும் மாறி, நிறை அளவு நகர்ந்துவிடும். அதனால் நிறை தெரிந்த கேலிப்ரேஷன் கலவையைச் சாம்பிளுக்கு அடுத்த குழியிலேயே வைப்பது நல்லது.

உப்பு இருந்தால் முதன்மைப் பீக்கிலிருந்து (நிறை வரைபடத்தின் முகட்டிலிருந்து) 22, 38 டால்டன் தள்ளி சோடியம், பொட்டாசியம் பீக்குகள் எழும். சிஎச்சிஏ சொட்டு என்றால், காய்ந்தபின் மேலே குளிர்ந்த 0.1% டிஎஃப்ஏ கரைசலைச் சில நொடி வைத்து உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். டிஎச்பியை இப்படிக் கழுவக் கூடாது. நீரில் அதுவே கரைந்துபோகும். கிளைக்கனை முன்கூட்டியே கார்பன் டிப்பில் (கார்பன் நிரப்பிய பிப்பெட் முனையில்) சுத்தம் செய்ய வேண்டும். 44 டால்டன் இடைவெளியில் பீக்குகள் வரிசைகட்டினால் பாலிஎத்திலீன் கிளைக்காலோ ட்ரைட்டான் டிடர்ஜென்டோ கலந்திருக்கிறது. சொட்டைக் கழுவிப் பயனில்லை, சாம்பிளையே மறுபடி தயாரிக்கவும். பிளேட்டை சோப்புத்தூளால் தேய்க்கவே வேண்டாம் என்பதும் இதனால்தான். மெத்தனால், பிறகு தூய நீர், அல்ட்ராசோனிக் குளியல் போதும்.

சிக்னல் குறைந்ததும் லேசர் சக்தியைக் கூட்டுவது கெட்ட பழக்கம். அயனி தோன்றத் தொடங்கும் அளவுக்குச் சற்றே மேலே நிறுத்தினால் பீக் கூர்மையாக இருக்கும். கூட்டக் கூட்டப் பீக் அகலும், மூலக்கூறு உடையும், அயனி மூலத்தில் மேட்ரிக்ஸ் படிவும் சீக்கிரம் சேரும்.

500 டால்டனுக்குக் கீழே சிஎச்சிஏவின் சொந்தப் பீக்குகள், 190, 379 போன்றவை, குறுக்கே நிற்கும். ஆய்வகத்தின் வேலை முழுக்கச் சிறு மருந்து மூலக்கூறுகள்தான் என்றால், இந்தப் பணத்தை, கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரே கருவிக்குச் செலவிடுங்கள்.