விண்டோஸ் பக்கத்தில் உபுண்டு: என்விடியா டிரைவரை எந்த வழியில் போடுவது?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் செகண்ட் ஹேண்ட் கேமிங் லேப்டாப் வாங்கி, விண்டோஸை அழிக்காமல் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸையும் ஏற்றிக்கொள்கிற மாணவர்களை உபுண்டு இன்ஸ்டால் அவ்வளவாகப் படுத்தாது. படுத்துவது என்விடியா கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர். அதற்கு மூன்று வழி உண்டு.

முதலாவது, உபுண்டுவோடு வரும் நூவோ என்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவர். நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பிரவுசர், வீடியோ எல்லாம் ஓடும். ஆனால் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளில் பெரும்பாலானவற்றில் நூவோவால் வேகத்தை ஏற்ற முடியாது. கார்டு பூட் ஆன வேகத்திலேயே கிடக்கும். கார்டில் கணக்கு வேலை ஓட்ட உதவும் என்விடியாவின் குடாவும் (CUDA) கிடையாது. மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்டுக்கு இது ஆகாது.

இரண்டாவது, என்விடியா தளத்திலிருந்து இறக்கும் ரன் ஃபைல். விண்டோஸில் பழகிய கை முதலில் இங்கேதான் போகும். டிரைவரைக் கம்பைல் செய்ய ஜிசிசி, மேக் என்ற கருவிகளும், கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஹெடர்களும் இருக்க வேண்டும். நூவோவை முடக்க வேண்டும். டெஸ்க்டாப்பை நிறுத்திவிட்டு டெக்ஸ்ட் கன்சோலில் ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கட்டும் டிகேஎம்எஸ்ஸில் பதிய மறந்தால் அடுத்த கெர்னல் அப்டேட்டில் கருப்புத் திரைதான். டிரைவரின் கெர்னல் மாட்யூல் அந்த ஒரு கெர்னலுக்கென்றே கட்டப்பட்டது, புதியதில் ஏறாது. பூட் ஆகும்போது ஓஎஸ்ஸைத் தேர்வு செய்யும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் நுழைந்தால் தப்பிக்கலாம். தக்க காரணம் இல்லாமல் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது, உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' ஆப். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. 'டெஸ்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, அப்ளை கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெர்னல் மாறினால் டிரைவரும் கூடவே மாறும். பிராட்காம் வைஃபை வேலை செய்யவில்லை என்றால் போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள். அதே பட்டியலில் வைஃபை டிரைவரும் வரும்.

சிக்குகிற இடம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாததை பூட்டின்போது ஏறவிடாத பாதுகாப்பு. டிரைவர் போடும்போது நடுவில் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால் (குறைந்தது 8 எழுத்து) குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும்: 'என்ரோல் மோக்' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது), 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்டு. அவசரத்தில் என்டர் தட்டித் தாண்டிவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்றால், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) உள்ள விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லாமல் பயாஸை (செக்யூர் பூட்டை அணைக்கும் செட்டிங்ஸ் இருக்குமிடம்) தொடாதீர்கள்.

டிரைவரின் வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். கெப்ளர் என்ற பழைய தலைமுறைக் கார்டுக்கு (ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலானவை) 470தான் கடைசி. புதிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு நேர்மாறு: 'ஓப்பன்' என்று முடியும் பேக்கேஜ்தான் வேலை செய்யும்.

வேலூர் கத்திரி வெயிலில் என்விடியா கார்டு நாள் முழுக்க ஓடினால் ஃபேன் அலறும், பேட்டரியும் நிற்காது. என்விடியா செட்டிங்ஸில் 'பிரைம் ப்ரொஃபைல்ஸ்' போய் 'ஆன்-டிமாண்ட்' (தேவைப்படும்போது மட்டும்) வையுங்கள்.

குடா மட்டும்தான் தேவை என்றால் இரண்டாவது ஓஎஸ்ஸே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போதும். அங்கே விண்டோஸ் டிரைவரே வேலையைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் உபுண்டுவில் லினக்ஸ் டிரைவரைப் போட்டால் குடா கெட்டுவிடும். அதனால் 'குடா' என்ற முழு பேக்கேஜை விட்டு, 'குடா டூல்கிட்' மட்டும் போடுங்கள்.