இரும்புக் கதவுக்கும் சிமெண்ட் நிலைக்கும் தேக்கு டிசைன் பெயிண்ட்: அடித்துப் பார்த்த அனுபவம்

இரும்புக் கதவு, சிமெண்ட் நிலை, உள்ளே ஒரு ஃப்ளஷ் டோர் (சட்டமில்லாத தட்டைக் கதவு) என்று மூன்றிலும் தேக்கு மர டிசைன் அடித்து, ஒரு கோடை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் போய்விட்டன. அதனால் இப்போது தைரியமாகச் சொல்லலாம். சிமெண்ட் நிலைக்கு இதைவிட நல்ல பூச்சு எனக்குத் தெரியவில்லை. இரும்புக் கதவுக்கு முன்வேலை ஒழுங்காக இருந்தால் அருமை. ஃப்ளஷ் டோருக்கு மட்டும் அடிக்கிற ஆளின் கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வேலை செய்தவர் எங்கள் ஏரியாவிலேயே இருக்கும் பெயிண்டர் அண்ணன். நிறை, குறை இரண்டையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை.

எங்கள் வீடு மதுரையில், மேற்குப் பார்த்த வாசல். முன்கதவு இரட்டைக் கதவு, இரும்பு ஷீட்டில் அடித்தது, பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்காக பிரவுன் எனாமல் மேல் எனாமல் அடித்து, ஓரமெல்லாம் துரு. கதவை மாற்றலாம் என்று மரக்கடையில் கேட்டால் நிலாம்பூர்த் தேக்கு, பர்மா தேக்கு எல்லாம் கன அடிக்கு ஆயிரங்களில் சொல்கிறார்கள். அதோடு ஆசாரி கூலி, பாலிஷ், பழைய நிலையை உடைத்து எடுப்பது என்று செலவு நீண்டுகொண்டே போகும். இரும்பு உறுதியாகத்தான் இருக்கிறது, பார்வைக்குத்தான் சரியில்லை. அப்படிப்பட்ட கதவுக்கு இந்த வேலை சரியாகப் பொருந்தும்.

முன்வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வாங்கிக்கொண்டு பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். இரும்பில் துருவைச் சுரண்டி, எமரி தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பள்ளம் இருக்கும் இடத்தில் பட்டி பார்த்து, மறுபடியும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க வேண்டும். மேலே வரப்போவது மெல்லிய கலர், அதில் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும், மர ரேகை போடுகிற ரப்பர் கருவியை இழுக்கும்போது மேடு வந்த இடத்தில் ரேகை அறுந்துவிடும். எங்கள் பெயிண்டர் இந்தக் கட்டத்தில் கொஞ்சமும் அவசரப்படவில்லை. கீல் பக்கம் கை நுழையாத இடத்தில்கூடத் தாளை மடித்து உள்ளே விட்டுத் தேய்த்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை மற்றவர்களுக்குச் சொல்லுவேன்.

சிமெண்ட் நிலை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புது சிமெண்டில் காரத்தன்மை அதிகம், ஈரம் காயாமல் அதன்மேல் நேரடியாக எனாமல் அடித்தால் காரம் எண்ணெய்ப் பெயிண்டைக் கெடுத்து, பிசுபிசுத்து உரிய வைத்துவிடும். நிலை நன்றாகக் காய்ந்த பிறகு, காரத்தைத் தாங்கும் சிமெண்ட் பிரைமர் அடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். எங்கள் நிலை பழையது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் பேஸ் கலர். தேக்கு என்றால் முதலில் அடர் பிரவுன் அடிப்பார்கள் என்று நினைப்போம், ஆனால் அடியில் போவது வெளிர் கலர், பிஸ்கட்டுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒன்று. மரத்தில் கோடுகளுக்கு இடையே தெரிகிற வெளிச்சமான பகுதி இந்த அடிக்கலர்தான், இருட்டான கோடு மேலே பூசுகிற கலரிலிருந்து வருகிறது. ஈட்டி மரம் மாதிரி வேண்டுமென்றால் அடியில் செம்பழுப்பு, மேலே கிட்டத்தட்ட கருப்பு. இதை அறியாத ஆட்கள் அடியிலேயே கருத்த கலரைக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் என்ன டிசைன் போட்டாலும் கதவு தூரத்திலிருந்து ஒரே இருட்டாகத்தான் தெரியும். எங்கள் பெயிண்டர் ஒரு தகரத் துண்டில் மூன்று விதமான அடிக்கலர் பூசி, மேலே ரேகை போட்டு, வாசல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நான் வெளிறியதைத் தேர்ந்தெடுத்தேன். தேக்கு நாளாக நாளாகக் கருக்கும், பெயிண்ட் அப்படிக் கருக்காது என்று அவர் எச்சரித்தும், எனக்கு அந்தப் பொன்னிறம்தான் பிடித்தது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

மேல் கலரை அவர் வார்னிஷில் ஸ்டெய்னர் என்ற கலர் சாயம் கலந்து தயாரித்தார். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கொஞ்சம், கருப்பு சில சொட்டு, இளக டர்பன்டைன், சீக்கிரம் காயாமல் இருக்க ஆளிவிதை எண்ணெய். இந்தக் கடைசிப் பொருள் நம் ஊர் வெயிலில் மிக முக்கியம். பூசியது ஈரமாக இருக்கும்போதுதான் ரப்பரை இழுக்க முடியும், சித்திரை மாதத்தில் தண்ணீரில் கரைகிற கலரில் வேலை செய்தால் கதவின் கீழ்ப்பக்கம் போவதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும். எண்ணெய்க் கலரில் இன்னொரு வசதி, பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். அடியில் இருக்கும் கலர் முழுசாக இறுகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ரப்பர் கருவி இப்போது ஆன்லைனிலும் பெயிண்ட் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வளைந்த ரப்பர் முகத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையக் கோடுகள் புடைத்திருக்கும். ஆட்டாமல் நேராக இழுத்தால் நேர்க்கோடு. இழுத்துக்கொண்டே மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால், பலகையை அறுக்கும்போது தெரியுமே, உச்சி கூம்பிய அந்தக் கூர்மாட வளைவு வரும். கருவியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியால் துடைத்தால் கோடு சுத்தமாக விழுகிறது, துடைக்காவிட்டால் கலர் அடைத்துக்கொண்டு மழுங்கிவிடும். நானும் ஒரு அட்டையில் இழுத்துப் பார்த்தேன், சுலபமாகத்தான் வருகிறது. அந்தச் சுலபம்தான் ஆபத்து. சந்தையில் பார்க்கும் மர டிசைன் கதவுகளில் பெரும்பாலானவை ஏன் போலியாகத் தெரிகின்றன என்றால், கையில் ரப்பர் இருக்கிறதே என்று மேலிருந்து கீழ்வரை அதே வளைவை அடுக்கிவிடுகிறார்கள். நிஜ மரத்தில் அந்த வளைவு ஒரு பலகைக்கு ஒன்றோ இரண்டோ வரும், பக்கத்துப் பலகையில் வெறும் நேர்க்கோடு ஓடும், கணு எங்கோ ஒரு இடத்தில்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் மூட்டு. மரக்கதவு ஒரே துண்டு கிடையாது. இரண்டு பக்கமும் நெட்டுச் சட்டம், மேலும் கீழும் நடுவிலும் குறுக்குச் சட்டம், இடையில் பலகை. நெட்டுச் சட்டத்தில் ரேகை மேலிருந்து கீழே ஓடும், குறுக்குச் சட்டத்தில் இடமிருந்து வலமாக. இரண்டும் சேருகிற இடத்தில் ரேகை சட்டென்று நின்று, கத்தியால் கீறியது போல் ஒரு கோடு தெரியும். பார்க்கிறவர் கண் இதைத்தான் தேடுகிறது, தான் தேடுவது அவருக்கே தெரியாது. இரும்புக் கதவில் சட்டமும் பலகையும் ஏற்கெனவே புடைத்துப் பிரிந்திருந்ததால், பெயிண்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டார்: முதலில் பலகைகள், காய்ந்ததும் குறுக்குச் சட்டம், அது காய்ந்ததும் ஓரத்தில் டேப் ஒட்டி நெட்டுச் சட்டம். நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. ஆனால் ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா, வாழ்நாள் முழுக்க மர வேலை செய்தவர், கதவைத் தட்டி இரும்புச் சத்தம் கேட்ட பிறகுதான் நம்பினார்.

ஃப்ளஷ் டோரில் இதே மனிதர் சறுக்கினார். அது வெறும் தட்டையான கதவு, சட்டமும் இல்லை, மூட்டும் இல்லை. முழுக் கதவையும் ஒரே பலகையாக எண்ணி, ஒரு பெரிய கூர்மாடத்தை நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் கோடு இழுத்துவிட்டார். அவ்வளவு அகலமான ஒற்றைப் பலகை எந்தத் தேக்கில் கிடைக்கும்? “அண்ணே, இதைப் பலகை பலகையாப் பிரிச்சுப் போட்டா நல்லா இருக்குமே” என்றேன். “தம்பி, எல்லாரும் இந்தப் பெரிய டிசைனைத்தான் கேக்குறாங்க” என்றார். கொஞ்சம் பேசிய பிறகு ஒப்புக்கொண்டு, துடைத்துவிட்டு, பென்சிலால் கோடு போட்டு, நெட்டாக ஐந்து பலகைகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று டேப் ஒட்டிப் போட்டார். முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் கிட்டே போனால் தட்டைதான், பலகைக்கு இடையே நிழல் விழாது. பணம் இருந்தால் மெல்லிய மரப்பட்டி ஒட்டிவிட்டு அதன்மேல் அடிப்பது நல்லது.

இந்த வேலையை மட்டமாகப் பேசுகிறவர்களுக்காக ஒன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண பைன் மரக் கதவை ஓக் மாதிரி தீட்டுவது தனித் தொழிலாகவே இருந்தது. லங்காஷயரில் பிறந்த தாமஸ் கெர்ஷா என்ற பெயிண்டர் 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் மரமும் பளிங்கும் போலத் தீட்டிய பலகைகளுக்காகப் பரிசு வாங்கினார். அவர் தீட்டியவை இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கே தூரிகை பட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் சீப்பு, தூரிகை, துணி சுற்றிய கட்டைவிரல் இவற்றை வைத்தே ஓக்கின் வெள்ளி மினுக்கைக்கூடக் கொண்டுவந்தார்கள். எங்கள் பெயிண்டரும் ரேகை போட்ட பிறகு ஒரு காய்ந்த, நீள மயிர்த் தூரிகையால் ஈரக் கலர்மேல் லேசாகத் தட்டிக்கொண்டே வருவார். கோடு உடைந்து, மரத்தின் நுண்துளை மாதிரி சின்னச் சின்னக் கீறலாகிவிடும். ரப்பர் அடையாளத்தை மறைப்பது இந்தத் தட்டல்தான். உங்கள் பெயிண்டரிடம் இப்படிப்பட்ட தூரிகை இருக்கிறதா என்று கேளுங்கள், பதிலிலேயே ஆள் எப்படி என்று புரிந்துவிடும்.

குறை என்று சொன்னேனே, அது கடைசிப் பூச்சில் வந்தது. வெயில் படுகிற கதவு, சாதாரண கிளியர் வார்னிஷ் சீக்கிரம் மஞ்சளித்து உரியும், வெளிப்புறத்துக்கான பியூ (பாலியூரித்தேன் கிளியர் பூச்சு) அடிக்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். அதுவரை சரி. ஆனால் அடியில் இருப்பது எனாமல், அது தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே இறுக இன்னும் நாளாகும். அவசரமாக வேறு சைட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், அவர் இல்லாத நேரத்தில் உதவியாள் பியூ கலந்து அடித்துவிட்டார். அதில் உள்ள காட்டமான தின்னர் பட்டதும் ஒரு பலகை முழுக்க எனாமல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பலகையைச் சுரண்டி, பட்டியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கூலி கூடுதலாகக் கேட்கவில்லை, மெட்டீரியல் செலவைப் பாதிப் பாதி பகிர்ந்துகொண்டோம். இது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம், அனுபவமுள்ளவர் உதவியாளிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் செய்வதாக இருந்தால் எனாமல் நன்றாக இறுகும்வரை விடுங்கள், மறைவான மூலையில் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். மெலமைன் என்ற இன்னொரு பாலிஷ் வீட்டுக்கு உள்ளே மட்டும்தான், வாசலுக்கு யாராவது அதைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மழைக்கு எந்தச் சேதமும் இல்லை. வெயிலுக்குக் கீழ்ப்பலகையில் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, மேலே சன்ஷேட் நிழல் விழும் பகுதி அப்படியே இருக்கிறது. மங்கிய இடத்தில் நைசான தாள் போட்டு லேசாகத் தேய்த்து ஒரு கோட் அடித்தால் போதும், அடியில் உள்ள ரேகைக்கு ஒன்றும் ஆகாது. உரியத் தொடங்கும்வரை விட்டுவிட்டால்தான் டிசைனும் சேர்ந்து போகும். வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது பற்றி அம்மாவுக்குக் கவலை இருந்தது. பூச்சு மூடியிருப்பதால் கறை உள்ளே இறங்குவதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது.

கூலி, சாதாரண எனாமல் வேலைக்கு எங்கள் பக்கம் கேட்பதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். சதுர அடிக் கணக்கில் பேசுவதைவிட, கதவுக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது. சதுர அடி என்றால் சட்டம், மூட்டு பார்க்காமல் வேகமாக இழுத்துவிட்டுப் போகத்தான் தோன்றும். டாடா பிரவேஷ் போல மர ரேகையோடு தொழிற்சாலையிலேயே தயாராகி வரும் ஸ்டீல் கதவுகளும் பார்த்தேன். புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு அவை நல்ல வழி. இருக்கிற கதவையும் நிலையையும் வைத்துக்கொள்ள நினைப்பவருக்குக் கைவேலைதான். ரேகை ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் வாசலுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், நம் வெயிலில் ஓரம் தூக்கிவிடும்.

பழைய மரக்கதவு வைத்திருப்பவர்கள் அதன்மேல் இந்த டிசைனை அடிக்காதீர்கள். வேம்போ பலாவோ எதுவாக இருந்தாலும் பழைய பெயிண்டைச் சுரண்டி, அந்த மரத்தின் ரேகையையே வெளியே கொண்டுவந்து பாலிஷ் போடுங்கள். எங்கள் பின்பக்க வேப்பமரக் கதவுக்கு அதே பெயிண்டர் அதைத்தான் சொன்னார், டிசைன் அடித்தால் அவருக்குக் கூலி அதிகம் கிடைத்திருக்கும். அந்தக் கதவைத் தை மாதம் அவரிடமே கொடுக்கப் போகிறேன், உதவியாளை வைத்து முடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசியாகிவிட்டது.