கொருக்குப்பேட்டையில் பட்ஜெட் பிரிண்ட் எடுக்க ஒரு கடை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஆதார், ரேஷன் கார்டு நகல் எடுக்க எத்தனையோ கடைகள் உண்டு. பட்ஜெட் உரையைத் தமிழில், எழுத்து உடையாமல், இரண்டு பக்கமும் அச்சடித்து ஸ்பைரல் போட்டுத் தருவது, எனக்குத் தெரிந்து, கேட்டை ஒட்டிய அந்தச் சின்ன ஜெராக்ஸ் கடை மட்டும்தான். பக்கத்துக்கு ஒரு ரூபாய்.

டிஎன்பிஎஸ்சி எழுதும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் திமுக வீடு, பாதிப் பேர் அதிமுக வீடு. மாநிலக் கடன் என்று ஆரம்பித்தால் போதும். "குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் வச்சிட்டுப் போனது யாரு?" என்பான் ஒருவன். "அதை 9 லட்சம் கோடிக்குக் கொண்டுபோனது யாரு?" என்பாள் இன்னொருத்தி. இரண்டு எண்ணும் சரியானவைதான். முதலாவது, முந்தைய அதிமுக ஆட்சி விட்டுப்போன நிதிநிலை பற்றி, திமுக அரசின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்தது. இரண்டாவது, 2025 மார்ச்சில் அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு படித்த பட்ஜெட் உரையில் இருக்கிறது: 2026 மார்ச் 31 அன்று நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்ற மதிப்பீடு. அதே உரையில், அது மாநில மொத்த உற்பத்தியில் 26.07 சதவீதம் என்றும் வருகிறது. எதிர்க்கட்சி மேடையில் கோடி மட்டும் கேட்கும், ஆளுங்கட்சி மேடையில் சதவீதம் மட்டும் கேட்கும். வெள்ளை அறிக்கையை நீட்டியவர்களிடமே நாலு வருஷத்தில் அதே கேள்வி திரும்பி வந்தது.

அதனால்தான் பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்கிறேன். 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்தச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டிய தொகை, 1,06,963 கோடி; வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வரவு போதாமல் விழும் துண்டு, 41,635 கோடி. வாங்கும் கடனில் ஐந்தில் இரண்டு பங்கு அன்றாடச் செலவுக்கே போகிறது என்று பிள்ளைகளே பென்சிலால் கணக்குப் போட்டார்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பணம் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, அப்படியானால் வரவை எங்கே கூட்டுவது என்று கேட்டார்கள். நான் எதிர்பார்க்கும் வாதம் அதுதான்.

கடைக்காரர் நாணயமானவர். தமிழக ஆளுநரிடம் முடங்கிய 10 மசோதாக்கள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பை எடுக்கப் போனேன். மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிச் சொல்வது அரசியல் சட்டத்தின் 200ஆவது பிரிவு. 400 பக்கத்துக்கு மேல். "டீச்சர், 200ஆவது பிரிவு வர்ற பக்கத்தை மட்டும் எடுத்துக்குங்க, வீணா செலவு வேணாம்" என்று அவரே குறைத்தார். அவருக்கு அதில் நஷ்டம்தானே. அந்த மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டவை; துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதுதான் அதில் முக்கியச் சண்டை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி, இந்த இழுபறி நடுவே காலியாகவே கிடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இது செய்தித்தாள் சண்டை இல்லை, படிக்கப் போகிற இடம். மசோதாவில் முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2025 நவம்பரில் சொன்னதையும் சேர்த்தே படிக்கக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குப் பிடித்த தீர்ப்பை மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

குறைகள் உண்டு. ஸ்பைரல் கம்பி மட்டம், அடிக்கடி புரட்டினால் கடைசித் தாள்கள் கழன்றுவிடும். அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் எவ்வளவு எதற்குப் போகிறது என்று பட்ஜெட்டில் காட்டும் வட்டப் படம் கறுப்பு வெள்ளையில் எல்லாத் துண்டும் ஒரே சாம்பலாக வரும், அந்த ஒரு பக்கத்தை மட்டும் கலரில் கேளுங்கள். ஹால் டிக்கெட் சமயத்தில் கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுவது நல்லது. பென் டிரைவ் வேண்டாம்; வெள்ளை அறிக்கையும் பட்ஜெட் உரையும் அவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன, வருஷத்தைச் சொன்னால் எடுத்துவிடுவார்.