கல்லடி பட்ட கண்ணாடி: வாடிக்கையாளரைத் தேடும் வழிகளில் எது தேறும்?

முன்கண்ணாடியில் கல் அடித்த அன்று வண்டிக்காரருக்கு மனசு பதறும். இரண்டு நாளில் அந்தப் புள்ளி கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு வாரத்தில் அது அங்கே இருப்பதே மறந்துபோகும். பிறகு ஒரு குளிர்ந்த காலையில் ஹீட்டரைப் போடும்போதோ, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதோ, புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பிக் கண்ணாடியின் பாதி தூரம் ஓடும். அப்போதுதான் அவர் போனை எடுப்பார். அந்த அழைப்பு, சின்னப் புள்ளிகளை அடைத்துத் தரும் நமக்கே வந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. அது கண்ணாடி மாற்றுபவரின் வேலையாகிவிட்டது.

கண்ணாடிப் பழுது பார்க்கும் சின்னத் தொழிலுக்கு ஆள் கிடைப்பது கடினமாக இருக்க இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். தேவை இருக்கும்போது வாடிக்கையாளர் தேடுவதில்லை. அவர் தேடும்போது நம்மால் செய்ய முடிவதில்லை. அதனால் விளம்பரமா, கம்பெனி வண்டிகளா, மெக்கானிக் வழியா என்று ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: புள்ளி சின்னதாக இருக்கும்போதே அதை யார் பார்க்கிறார்? மற்றவை அதற்குப் பிறகு. முதல் வேலை வர எத்தனை நாளாகும், அலைச்சலோடு சேர்த்து ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் போகும், கடைசியில் அந்த வாடிக்கையாளர் நம்முடையவரா இன்னொருவருடையவரா.

இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்காக வேலையைப் பற்றி நான்கு வரி. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும் ஒட்டியது. கல் பட்டால் பொதுவாக வெளித்தகடு மட்டும்தான் உடையும். அந்த உடைசலில் இருக்கும் காற்றை உறிஞ்சி, ரெசின் என்ற பிசின் திரவத்தை அழுத்தத்தில் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுகவைக்கிறோம். சாதாரணப் புள்ளிக்கு அரை மணி நேரம் போதும். பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் ஒற்றைத் தகடு. உடைந்தால் தூள் தூளாகக் கொட்டிவிடும், அதில் பழுது பார்க்க ஒன்றுமில்லை. இந்த வேறுபாடு வாடிக்கையாளருக்குத் தெரியாது என்பதை மனதில் வையுங்கள். கீழே வரும் கணக்கில் இது பெரிய பங்கு வகிக்கிறது.

தேடலில் தெரிவது: மேப் பதிவும் காசு கட்டும் விளம்பரமும்

இரண்டும் ஒரே திரையில் வருவதால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் கூகுள் மேப்பில் தொழிலை இலவசமாகப் பதிந்துவைப்பதும், சொடுக்குக்கு இவ்வளவு என்று பணம் கட்டுவதும் வேறு வேறு விஷயங்கள்.

மேப் பதிவைத் தொழில் தொடங்கிய முதல் நாளே செய்துவிட வேண்டும். கூகுள் அங்கே மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடும் சொல்லுக்கு நம் தொழில் எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், எவ்வளவு அறியப்பட்டிருக்கிறோம். முதலாவது நம் கையில் இருக்கிறது. பலர் பதிவில் வெறுமனே 'கார் கண்ணாடி' என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் பக்கக் கண்ணாடி உடைந்தவர், கதவுக் கண்ணாடி இறங்காதவர் எல்லாரும் கூப்பிடுவார்கள். 'கல் பட்ட புள்ளியும் சிறு விரிசலும் சரிசெய்கிறோம், கண்ணாடி மாற்றுவதில்லை' என்று எழுதினால் அழைப்புகள் குறையும், வேலையாக மாறும் அழைப்புகள் கூடும். கடை இல்லாமல் வண்டியில் போய்ச் செய்பவர் வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்ட வேண்டும். கூகுளின் விதியே அப்படித்தான். மதிப்புரைக்குப் பரிசோ தள்ளுபடியோ தருவதையும் அது தடை செய்கிறது. அதற்குத் தேவையும் இல்லை. பழுதுக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் எடுத்த படத்தை அந்த இடத்திலேயே வாடிக்கையாளரின் போனுக்கு அனுப்பி, மதிப்புரைக்கான இணைப்பையும் கூடவே அனுப்பினால் எழுதுகிறவர் எழுதிவிடுவார்.

காசு கட்டும் விளம்பரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. தேடலில் முன்கண்ணாடி என்று தட்டுபவர்களில் பெரும்பாலோர் விரிசல் ஓடிவிட்டவர்கள். அவர்களுக்காகப் போட்டி போடுபவை மாற்று வேலை செய்யும் பெரிய நிறுவனங்கள். அமெரிக்காவில் சேஃப்லைட், பிரிட்டனில் ஆட்டோகிளாஸ், ஐரோப்பாவின் பல நாடுகளில் கார்கிளாஸ் என்று வேறு வேறு பெயர்களில் இயங்கினாலும் அவை எல்லாம் பெல்ரான் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ஒரு முழுக் கண்ணாடி மாற்றும் வேலைக்காக அவர்கள் ஒரு சொடுக்குக்குக் கொடுக்க முடிகிற தொகையை, ஒரு புள்ளி அடைக்கும் வேலையை வைத்து நாம் கொடுக்க முடியாது. விளம்பரம் போட்டே ஆக வேண்டுமென்றால் 'மாற்று', 'பக்கக் கண்ணாடி', 'பின்கண்ணாடி', 'விலை' போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில், அதாவது இவற்றைத் தேடுபவருக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் பட்டியலில், முதலில் போடுங்கள்.

கம்பெனி வண்டிகளும் பழைய கார் வியாபாரிகளும்

இந்த இரண்டையும்தான் நிதானமாக ஒப்பிட வேண்டும். ஒரு தனியாளின் தொழில் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கூரியர், டாக்சி, வாடகைக் கார், பராமரிப்பு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் எல்லாம் நாள் முழுக்கச் சாலையில் ஓடுகின்றன. லாரிக்குப் பின்னால் போகின்றன, கல் வாங்குகின்றன. இரவிலோ விடுமுறையிலோ எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒரு வீட்டுக்குப் போய் ஒரு புள்ளியை அடைக்க ஆகும் போக்குவரத்து நேரத்தில், ஒரு யார்டில் ஐந்தாறு வண்டிகளை முடித்துவிடலாம். அதைவிட முக்கியம், புள்ளியைப் பார்க்கும் ஆள் நாமாகவே ஆகிவிடுகிறோம். யாரும் கூப்பிடக் காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கே உள்ளே நுழைய ஒரே வழி, கேட்காமலே கணக்கெடுத்துக் கொடுப்பது. அனுமதி வாங்கி ஒரு சுற்று நடந்து, வண்டி எண், புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு அளவு, அடைக்க முடியுமா முடியாதா என்று ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொடுப்பேன். பேச்சைவிட அந்தத் தாள் வேலை செய்யும். 'மலிவு' என்ற சொல்லையே எடுக்க மாட்டேன். வண்டி நிற்கும் நேரம்தான் அவருடைய கவலை. கண்ணாடி மாற்றினால் பசை இறுகும்வரை வண்டி நிற்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டி என்றால் அந்தக் கேமராவை மறுபடி அளவீடு செய்யவும் வேண்டியிருக்கும். பழுது பார்த்தால் அரை மணியில் சாவியைக் கொடுத்துவிடலாம். அவருடைய நாட்டின் சோதனை விதி தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனில் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையில் ஓட்டுநருக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில், துடைப்பான் துடைக்கும் பரப்புக்குள் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய சேதம் இருந்தால் வண்டி தேறாது. துடைப்பான் துடைக்கும் மற்றப் பரப்பில் 40 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். இப்படி ஒரு விதியைச் சொல்லி, 'இந்த மூன்று வண்டிகளும் அடுத்த சோதனையில் மாட்டும்' என்று காட்டினால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

குறைகளும் உண்டு. பணம் தாமதமாக வரும். பில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர மாதக் கணக்காகலாம். அப்புறம் ஒரே கம்பெனியை நம்பியிருப்பது ஆபத்து. நான் ஒரு பெரிய கம்பெனியின் வேலையில் மூழ்கி மற்றவர்களைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். மேலாளர் மாறினார், புதியவர் தனக்குத் தெரிந்தவரைக் கூட்டிவந்தார், ஒரே வாரத்தில் என் வேலையில் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளிகளைத்தான் முதலில் தேடுகிறேன். முடிவெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் அங்கே ஒரே ஆள்.

பழைய கார் வியாபாரி இதற்கு நேரெதிர். இன்று கேட்டால் இன்றே வேலை, வேலை முடிந்ததும் கையில் காசு. வாரம் ஒருமுறை போய் நின்றால் புதிதாக வந்த வண்டிகளில் ஒன்றிரண்டாவது தேறும். ஆனால் அவர் எதிர்பார்ப்பது வேறு. கம்பெனிக்கு விரிசல் ஓடக் கூடாது, அவ்வளவுதான். வியாபாரிக்கோ புள்ளியே தெரியக் கூடாது. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் உற்றுப் பார்த்தால் ஒரு சின்னத் தழும்பு தெரியத்தான் செய்யும். இதை முதல் வண்டியைத் தொடுவதற்கு முன்பே, பழுது பார்த்த ஒரு கண்ணாடியைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். விலையையும் அவர் கசக்குவார். அதைவிடக் கஷ்டம், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே உள்ள பெரிய உடைசலைக்கூட 'எப்படியாவது அடைச்சுக் கொடுங்க' என்பார். அந்த வண்டியை வாங்கப்போகும் குடும்பம் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு மறுத்துவிடுங்கள். வியாபாரி முகம் சுளிப்பார், சரி. அடுத்த வாரம் அவரே கூப்பிடுவார்.

பிறர் இடத்தில் நிற்பதா, பிறர் நமக்கு அனுப்புவதா

வண்டி கழுவும் இடத்தில் ஒரு குடை போட்டு நிற்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பார்க்கும் கண் என்ற என் கேள்விக்கு இது நல்ல மதிப்பெண் வாங்கும், எல்லா வண்டியும் முன்னால் வந்து நிற்கிறதே. ஆனால் இடம் தப்பு. கழுவி வரும் வண்டியில் உடைசலுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். ஈரத்தைப் போக்காமல் ரெசின் விட்டால் அது சரியாகப் பிடிக்காது. அதனால் கழுவுவதற்கு முன்னால் வரிசையில் காத்திருக்கும் பக்கம் நில்லுங்கள், நிழல் உள்ள இடமாகவும் இருக்கட்டும். நேரடி வெயிலிலேயே புற ஊதாக் கதிர் இருப்பதால், உடைசலின் மூலைவரை பரவுவதற்குள் ரெசின் இறுகத் தொடங்கிவிடும்.

இப்படி நிற்பவர்களுக்குச் சில ஊர்களில் கெட்ட பெயரும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இன்சூரன்ஸ் கிளைமுக்காகப் பரிசு காட்டி முன்கண்ணாடி வேலை பிடிப்பதையும், பாலிசியின் உரிமையைக் கண்ணாடிக் கடைக்கு எழுதி வாங்குவதையும் 2023-இல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். நேர்மையாக நிற்பவரும் அந்தச் சந்தேகப் பார்வையைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

மெக்கானிக் வழியில் அந்தச் சந்தேகம் இல்லை. ஆயில் மாற்ற வந்த வண்டியில் அவர் புள்ளியைப் பார்த்து, 'இதை இப்பவே அடைச்சிடுங்க' என்று சொன்னால் வாடிக்கையாளர் கேட்டுக்கொள்வார். மெதுவான வழிதான், முதல் வேலை வர ஒரு மாதம்கூட ஆகலாம். கமிஷன் கேட்பவரும் உண்டு. கேட்டால் கொடுங்கள், ஆனால் அந்தத் தொகையை வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றாதீர்கள்.

இந்தப் பட்டியலில் யாரும் நினைக்காதவர் கண்ணாடி மாற்றும் கடைக்காரர். போட்டியாளர் என்று ஒதுங்கிப் போகிறோம். சின்னப் புள்ளிக்காகத் தன் ஆளை அனுப்புவது பல கடைகளுக்குக் கட்டுப்படியாகாது, ஓடிவிட்ட விரிசல் நமக்கு உதவாது. நான் அவருக்கு அனுப்புகிறேன், அவர் எனக்கு அனுப்புகிறார். ஒருவருக்கொருவர் கமிஷன் கிடையாது. எந்த அளவுவரை யாருடைய வேலை என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு ரோலாக்ஸ் என்ற அமெரிக்கத் தரநெறி நல்ல அடிப்படை. 2007-இல் வந்த அது வட்ட உடைசல் 1 அங்குலம்வரை, விரிசல் 14 அங்குலம்வரை என்று வகைக்கு வகை எல்லை சொல்கிறது. 14 அங்குல விரிசலை அடைக்கத் தனிப் பயிற்சி வேண்டும், நான் அவ்வளவு நீளம் போவதில்லை.

இன்சூரன்ஸ் பட்டியல்

மாற்றுவதைவிடப் பழுது மலிவு என்பதால் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் புள்ளி அடைக்கும் செலவை முழுதாக ஏற்கின்றன, வாடிக்கையாளரின் பங்கைக் கேட்பதில்லை. வாடிக்கையாளரை யாரிடம் அனுப்பலாம் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இடம் கிடைத்தால் வேலை தானாக வரும் என்று தோன்றும். வரும்தான். ஆனால் விலையை அவர்கள் வைப்பார்கள், காகித வேலை நம்முடையது, வாடிக்கையாளர் அவர்களுடையவர். சில இடங்களில் கிளைமைக் கையாளும் நிறுவனமும் கண்ணாடிக் கடைகளை நடத்தும் நிறுவனமும் ஒரே குழுமமாக இருப்பதால், நம் பெயர் பட்டியலில் இருந்தும் அழைப்பு வேறு பக்கம் போகலாம். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு இது சரிவரும். தனியாளுக்கு முதல் வருஷம் வேண்டாம் என்பேன்.

யாருக்கு எது

கையில் கருவிப் பெட்டியும் ஒரு வண்டியும் மட்டும் இருந்தால், மேப் பதிவை ஒரே நாளில் முடித்துவிட்டு மறுநாளே சின்ன முதலாளிகளின் யார்டுகளுக்குத் தாளோடு போங்கள். கம்பெனி பில் வரும்வரை கைச்செலவுக்குப் பழைய கார் வியாபாரிகளை வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கையும் கண்ணாடி மாற்றுபவரையும் அந்த வழியில் போகும்போதே பார்த்துவிடலாம். நிலையான கடை உள்ளவருக்கு வரிசை மாறும். அவருக்கு மேப்பும் மெக்கானிக்கும் முதலில், யார்டு பிறகு.

எந்த வழியில் போனாலும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டம்: யார் மூலம் வந்தது, புள்ளி விழுந்து எத்தனை நாள், அலைச்சலோடு எத்தனை நிமிடம், பணம் என்று வந்தது. இரண்டாவது கட்டத்தை யாரும் எழுதுவதில்லை. புள்ளி விழுந்த இரண்டு மூன்று நாளுக்குள் வண்டிகளை அனுப்பும் மெக்கானிக் ஒருவர் அந்த நோட்டில் தென்பட்டால், அடுத்த வாரம் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.