உப்புவெளி வாடகைச் சைக்கிள்: எந்த ஓட்டத்துக்குக் காணும், எதற்குக் காணாது

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக்கு வருகிறவர்களுக்கு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்குமிட வாசலிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இந்த மதிப்பீடு ஒரு கடையைப் பற்றியது அல்ல. கரையோரத்தில் கிடைக்கிற சைக்கிள்கள் அநேகமாக ஒரே மாதிரி, குறைகளும் ஒரே மாதிரி. நிலாவெளி வரையான விடியப்புற ஓட்டத்துக்கும், கூட்டமாகத் திருகோணமலை ரவுனைச் சுற்றும் பின்னேர ஓட்டத்துக்கும் இவை தாராளமாகக் காணும். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் போக நினைத்தால் காணாது.

இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, கியர் இல்லாத லுமாலா மாதிரியான ஊர்ச் சைக்கிள்; கரியரும் மட்காட்டும் செயின் மூடியும் இருக்கும். மற்றது 26 அங்குல மவுண்டன் சைக்கிள், பல கியர். வருகிறவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். எங்கள் தெரிவு முதலாவது. கடற்காற்றில் கியர் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். அதன் பிறகு கியர் மாற்றினால் செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று துள்ளும், பாரம் கொடுத்து உழக்கும்போது கழன்றும் விழும். வடக்கே நிலாவெளி வரை வீதி தட்டையானது, கியருக்கு வேலையே இல்லை. ரவுனில் பிரட்றிக் கோட்டைக்குள் ஏறும்போதும் உவர்மலை மேட்டிலும் மட்டும் ஊர்ச் சைக்கிள் மூச்சு வாங்கவைக்கும். அந்த இடங்களில் இறங்கித் தள்ளுவதில் குறைவொன்றும் இல்லை.

காசு கொடுக்க முன்னம் பத்து நிமிடம் ஒதுக்கிச் சைக்கிளைப் பாருங்கள். முதலில் சீற். உயரம் மாற்றும் ஆணி திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். உப்புத் துருவில் சீற் தண்டு இறுகிப்போன சைக்கிள்கள் நிறைய. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருந்தால் அளவு சரி. அதற்கு மேல் மடிந்தால் 20 கிலோமீற்றருக்குள் முழங்கால் நோகும். அடுத்தது செயின். முன்பல் சக்கரத்தின் முன்னோரத்தில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி தெரியுமளவுக்குத் தூக்கினால் செயின் தேய்ந்துவிட்டது, வேறு சைக்கிள் கேளுங்கள். பிறேக் பிடியை முழுப் பலத்தோடு அழுத்தி, கேபிள் பிடிக்குள் நுழையும் இடத்தைக் கிட்டப் பார்க்கவேண்டும். அங்கேதான் கம்பி ஒவ்வொன்றாக அறும். ஒரு இழை பிரிந்து நின்றாலும் அந்தக் கேபிளை நம்பவேண்டாம். கடைசியாக முன் பிறேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹாண்டில் கழுத்தில் 'டக்' என்று கேட்டால் கழுத்தைத் தாங்குகிற கோப்பை தளர்ந்திருக்கிறது. அது ஒரு ஸ்பானரில் சரிவருகிற வேலை, கடைக்காரரையே இறுக்கித் தரச் சொல்லலாம்.

அநேகமான கடைகள் பம்மும் ஒட்டுச் சாமானும் தருவதில்லை. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். வெயில் காலத்தில் வீதியோர மணலில் நெருஞ்சி முள் காய்ந்து கிடக்கும். அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கித்தான் நிற்கும். ரயரில் ஏறியதும் காற்று உடனே போகாது. அரை மணித்தியாலம் கழித்துப் பின் சக்கரம் மெத்தென்று ஆடும்போதுதான் தெரியும். ரியூப்பை மட்டும் ஒட்டிப் பூட்டினால் அடுத்த கிலோமீற்றரில் திரும்பவும் போகும், ஏனென்றால் முள்ளின் முனை ரயருக்குள்ளேயே இருக்கும். ரயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிவரத் துடையுங்கள், முள் துணியில் மாட்டும். விரலால் தடவவேண்டாம். ஒட்டுத் துண்டு ஆறு, சொலூஷன், உரசும் தாள், ரயர் லீவர் இரண்டு, 15 மில்லிமீற்றர் ஸ்பானர், ஒரு பம், இவை ஐந்து பேருக்கு ஒரு தொகுதி போதும். ஊர்ச் சைக்கிளின் வால்வும் மவுண்டன் சைக்கிளின் வால்வும் வேறு வேறு. கலந்து எடுத்தால் பம் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று புறப்பட முன்னமே அடித்துப் பாருங்கள். ஊர்ச் சைக்கிளுக்கு ஒரு துண்டு வால்வு ரியூப்பும் பைக்குள் இருக்கட்டும். வெயிலில் அந்தச் சின்ன ரப்பர் வெடித்துக் காற்று இறங்குவது வழமை.

விடியப்புற ஓட்டத்துக்கு ஐந்தரைக்கு உப்புவெளியில் புறப்பட்டால் நல்லது. யுத்த வீரர் மயானத்தைத் தாண்டி, சாம்பல்தீவுப் பாலம், பிறகு நிலாவெளி. ஒரு பக்கம் 10 கிலோமீற்றர் அளவு. வழி முழுக்கக் கடல் தெரியும் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் வீதி பெரும்பாலும் கரையை விட்டு உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. காட்சி பாலங்களில்தான். சாம்பல்தீவுப் பாலத்தில் சூரியன் எழும் நேரத்துக்கு நின்றால் களப்பு நீர் செம்பு நிறமாகும், கொக்குகள் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்கும். கால் தாங்கினால் இறக்கண்டிப் பாலம் வரை போங்கள். இந்தப் பக்கத்து வீதிகளில் மனதுக்கு நெருக்கமான இடம் அதுதான். ரவுனிலிருந்து 34 கிலோமீற்றர் அளவிலுள்ள குச்சவெளியை வாடகைச் சைக்கிளுக்குக் கடைசி எல்லை என்று வையுங்கள்.

நேரத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கச்சான் காற்று. இந்த மாதங்களில் அது தரைப்பக்கமிருந்து, தென்மேற்கிலிருந்து, காய்ந்து சுட்டுக்கொண்டு வரும். வெயில் ஏற ஏறப் பலக்கும். வடக்கே போகும்போது இடது பக்கத்தில் பட்டு லேசாகத் தள்ளிவிடும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று வலது பக்கத்தில் முன்னால் வந்து மறிக்கும். பத்து மணிக்குத் திரும்பத் தொடங்குகிறவர்கள் போன நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு எடுத்து, தண்ணீரும் முடிந்து நிற்பார்கள். எட்டரைக்குள் சீற்றை விட்டு இறங்கிவிடவேண்டும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், அதோடு தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத் தூள் ஒரு பைக்கற் கொண்டு போங்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்குப் படகில் போகிற திட்டம் இருந்தால் அதை வேறு நாளுக்கு வையுங்கள். கடலில் குளித்து உப்போடு உச்சி வெயிலில் உழக்கித் திரும்புவது உடம்புக்கு ஆகாது.

கன்னியா வெந்நீரூற்றுக்கு இதே காற்று மறுவளம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ரவுனிலிருந்து 8 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் அநுராதபுர வீதியில் லொறி ஓட்டம் கூட. புதிதாக ஓட்டுகிறவர்களையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் கூட்டிப் போகவேண்டாம்.

கூட்டமாகப் போவதற்குப் பின்னேர ஓட்டம்தான். நாலரைக்குப் பிறகு உள்துறைமுக வீதியால் ஆறுதலாக, கதைத்துக்கொண்டு போகலாம்; அதிலிருந்து டச்சுக் குடாக் கரை, பிறகு பிரட்றிக் கோட்டை வாசல். கோட்டைக்குள் மான்கள் வழியிலேயே படுத்திருக்கும், மணி அடித்து வெருட்டாமல் சுற்றிப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். சைக்கிள் காற்சட்டையோடு வருகிறவர்கள் ஒரு சாரத்தைக் கரியரில் கட்டிவரலாம். ஏழு மணிக்கு முன்னமே இருட்டிவிடும், வாடகைச் சைக்கிளில் லைற் எரிவது அபூர்வம். ஆளுக்கொரு சின்ன ரோச், பின்னால் ஒரு சிவப்பு லைற் கொண்டுவாருங்கள். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். வழி தெரிந்தவர் முன்னால், ஒட்டுச் சாமானும் பம்மும் உள்ளவர் கடைசியில். நடுவில் யார் நின்றாலும் கடைசி ஆள் கண்டுகொள்வார்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009 இல் திறந்தது. அதில் பக்கக் காற்று சைக்கிளை நகர்த்தும். வீதி நல்லது, தூரம்தான் பிரச்சினை. இடையில் செயின் அறுந்தால் இந்தச் சைக்கிள்களைக் கொடுத்தவர் அங்கு வரமாட்டார். சொந்தச் சைக்கிளோ, ரவுன் சைக்கிள் கடையில் திருத்திப் பூட்டி எடுத்ததோ இருந்தால் மட்டும் போங்கள்.

'ஒரு நாள்' வாடகை என்றால் 24 மணித்தியாலமா, பொழுதுபடும் வரையா என்று முதலே கேளுங்கள்; தகராறு வருவது அதில்தான். அடையாள அட்டையையோ பாஸ்போட்டையோ பிணையாக விடவேண்டாம், பிரதி கொடுத்தால் பல இடங்களில் ஏற்பார்கள். எடுக்கும்போது கீறல், வளைந்த ரிம், கிழிந்த சீற் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்துக் கடைக்காரருக்கும் காட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு எடுத்தால் ஒவ்வொரு பின்னேரமும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் பத்துத் துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டி மாவாகும்.