மயக்கவியல்: நர்சிங் வழியா, டெக்னாலஜி வழியா?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது: "பிள்ளைக்கு ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பக்கம் வேலை பார்க்க ஆசை. பி.எஸ்சி. நர்சிங் சேர்ப்பதா, அனஸ்தீசியா டெக்னாலஜி (மயக்கவியல் தொழில்நுட்பம்) சேர்ப்பதா?" இரண்டுக்கும் உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுகள் ஆகும். படித்து முடித்த பிறகுதான் வழிகள் பிரிகின்றன.

இந்தியாவில் மயக்கம் கொடுப்பது மருத்துவரின் வேலை. கிராமங்களில் மயக்கவியல் நிபுணர் கிடைக்காமல் திண்டாடியபோதும், மத்திய அரசு எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குத்தான் 18 வாரப் பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. செவிலியரை அதில் சேர்க்கவில்லை. ஆகவே நர்ஸ் அனஸ்தெடிஸ்ட், அதாவது மயக்கம் கொடுக்கும் செவிலியர், என்ற பதவிக்கு ஊட்டியில் விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் உள்ள பதவி.

அமெரிக்காவில் அதற்கு ஆண்டு ஊதியம் 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் இந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதற்குக் கீழே இருக்கும் படிகளைப் போடமாட்டார்கள். நான் போடுகிறேன். நர்சிங் பட்டம், தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம், அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு, பிறகு விசா. இந்தியர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான (கிரீன் கார்டு) வரிசை பத்தாண்டுக்கு மேலும் இழுக்கும். போய்ச் சேர்ந்து, அங்கே ஐ.சி.யு.வில் வேலை பார்த்து, அதன் பிறகே மயக்கவியல் படிப்பு. 2022 முதல் புதிதாகச் சேர்கிறவர்கள் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். மூன்று ஆண்டுகள், சம்பாத்தியத்துக்கு அநேகமாக நேரமே இருக்காது, கட்டணமும் கண்ணைக் கட்டும். பதினெட்டு வயதில் கிளம்பும் பெண் அந்த நாற்காலியில் உட்காரும்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கும். முடியாத காரியம் என்று சொல்லவில்லை, நீண்ட காரியம்.

டெக்னாலஜி படித்தவருக்கு அந்த வழியே கிடையாது. செவிலியர் பதிவு இல்லாமல் முதல் படியிலேயே கால் வைக்க முடியாது. இதைச் சேர்க்கையின்போது யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆனால் மயக்க இயந்திரத்தின் அருகிலேயே நாள் முழுவதும் நிற்பவர் டெக்னாலஜிஸ்ட்தான். காலை முதல் கேசுக்கு முன் ஆக்சிஜன் அழுத்தம், உறிஞ்சு கருவி, தொண்டைக்குள் பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப்பின் பல்பு, மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழலின் பலூன் கசிகிறதா என்பது, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்துபோய் ஊதா நிறத்துக்கு மாறிவிட்டதா என்பது எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் தாண்ட வேண்டும். மலையில் இந்த வேலைக்குக் கூடுதல் சூட்சுமமும் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கோவையில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு எந்த விகிதத்தில் போதுமோ, அதே விகிதம் இங்கே அவ்வளவு பிடிக்காது. செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியான வேப்பரைசர், அழுத்தக் குறைவைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். இன்னொரு மருந்தான டெஸ்ஃப்ளுரேனின் சூடேற்றும் வேப்பரைசர் ஈடுகட்டாது. டயலைக் கூட்ட வேண்டும். மருத்துவர் சொல்லித்தான் கூட்ட வேண்டும் என்றாலும், சமவெளியிலிருந்து புதிதாக வந்த மருத்துவருக்கு இதை நினைவூட்டத் தெரிந்த டெக்னாலஜிஸ்ட்டுக்குத் தனி மதிப்பு.

சின்ன மருத்துவமனைகளில் இந்த மதிப்பு இன்னும் கூடும். மயக்க மருந்து டாக்டர் அழைத்தால் வருகிறவராக இருப்பார். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அதுவும் தாமதம். அவர் வந்து நிற்கும் நேரத்தில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

சம்பளத்தில் டெக்னாலஜியின் தொடக்கம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2025-ல் 700 படுக்கை மருத்துவமனை வந்திருப்பது உள்ளூர் வாய்ப்பைக் கொஞ்சம் பெருக்கலாம். ஆனாலும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியரை ஆயிரக்கணக்கில் எடுப்பதுபோல் டெக்னாலஜிஸ்ட்டுகளை எடுப்பதில்லை. செவிலியருக்கும் முதலில் தொகுப்பூதியம், பிறகு காலமுறை ஊதியத்துக்குக் காத்திருப்பு என்ற பழைய கதைதான். ஆனால் பணியிடம் இருக்கிறது.

பிரிட்டனைக் காட்டி டெக்னாலஜி சீட்டு விற்கும் கல்லூரிகளிடம் எச்சரிக்கை. அங்கே மருத்துவர் மேற்பார்வையில் மயக்கம் கொடுக்கும் உதவியாளருக்கு அனஸ்தீசியா அசோசியேட் என்ற இரண்டாண்டுப் படிப்பு உண்டு. 2023-ல் மயக்கவியல் ராயல் கல்லூரியின் உறுப்பினர்களே அந்த ஆட்சேர்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி வாக்களித்தார்கள். அதை நம்பி இங்கே பணம் கட்டலாகாது.

என் தீர்ப்பு ஒருபக்கச் சாய்வானது. பிள்ளைக்கு இன்னும் மனம் நிலைப்படவில்லை என்றால் நர்சிங். செவிலியர் தியேட்டருக்கும் ஐ.சி.யு.வுக்கும் மாறலாம், டெக்னாலஜிஸ்ட் செவிலியராக வேண்டுமானால் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயம் படித்தவர் பட்டத்துக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் செலவிட வேண்டியிருப்பதால், மதிப்பெண் இடம்கொடுத்தால் நேராக பி.எஸ்சி.யே சேர்க்கலாம். மலையைவிட்டு இறங்க மாட்டேன், இயந்திரம்தான் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளையை டெக்னாலஜிக்கு அனுப்புங்கள், தடுக்க வேண்டாம்.

வெளிநாடு என்றால் பதிவு பெற்ற ஏஜென்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் கேட்பவரை விட்டுவிட்டு, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். இந்த இரண்டில் எதில் சேர்ந்தாலும், கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே தினமும் எத்தனை அறுவை நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.